யார் விற்றது? பஞ்சமி நிலமும் சில கையெழுத்துகளும்

சென்ற மாதம் ஒரு கல்லூரி விடுதியில் மாணவர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பேச்சு பஞ்சமி நிலத்துக்கு வந்தது. பின்வரிசையில் இருந்த தம்பி ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, வெள்ளைக்காரன் நிலம் கொடுத்தான், சரி. அதை நம்ம ஆளுங்கதானே அஞ்சுக்கும் பத்துக்கும் வித்துத் தின்னுட்டாங்க? எங்க அப்பாவே அப்படித்தான் சொல்லுவாரு."

இதை ஊர்த்தெருக்காரர் கேட்டிருந்தால் எங்களிடம் பதில் தயாராக இருந்திருக்கும். கேட்டவர் சேரியில் பிறந்த பையன். அவர் குரலில் இருந்தது நக்கல் இல்லை, வெட்கம். தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றிய வெட்கம். அன்று இரவு நாங்கள் சொன்ன பதில் எங்களுக்கே திருப்தியாக இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தோம்.

அந்தத் தம்பியின் கேள்வி தனியாக வந்த கேள்வி அல்ல. "காசு வாங்கிட்டு ஓட்டுப் போடுறது யாரு?", "வறுமை இருக்கிற வரைக்கும் ஊழல் இருக்கத்தானே செய்யும்?" என்று டீக்கடை முதல் தொலைக்காட்சி விவாதம் வரை கேட்கிறோமே, அதே குடும்பத்தைச் சேர்ந்தது. நாங்கள் சமூகவியல் முதுகலை படித்தபோது ஆஸ்கர் லூயிஸின் 'வறுமைப் பண்பாடு' என்ற கருத்து பாடத்தில் இருந்தது. வறுமை ஒரு வாழ்க்கை முறையாகித் தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படுகிறது என்பார் அவர். அவர் எந்த நோக்கத்தில் எழுதினாரோ, வகுப்பில் அது வந்து சேர்ந்த விதம் வேறு. ஏழை ஏழையாக இருப்பதற்கு ஏழையின் குணமே காரணம் என்று அரை மணி நேரத்தில் முடிவாகிவிட்டது. யாரும் மறுத்துப் பேசவில்லை. நாங்களும் அன்று பேசவில்லை.

பஞ்சமி நிலத்தின் வரலாற்றைக் கையில் எடுத்தால் இந்த வாதம் தலைகீழாகிறது. விற்கவே முடியாத நிலம் எப்படி விற்கப்பட்டது என்ற ஒரே கேள்வி போதும்.

கதை 1892-க்கு முன்பே தொடங்குகிறது. சென்னை மாகாணத்தில் நில வரி வசூலிக்கச் சித்திரவதை நடக்கிறது என்று இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. அதையடுத்து 1854-ல் மூன்று பேர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1855-ல் வந்தது. விரல்களை நசுக்கும் கிட்டி, கழுத்தையும் காலையும் கயிற்றால் பிணைத்து வெயிலில் குனிய வைக்கும் அண்ணாந்தாள் என்று வரிசையாக அதில் பதிவாகியிருக்கிறது. புகார் சொல்ல நூற்றுக்கணக்கான மைல் நடந்து சென்னைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். மார்க்ஸ் 1857-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் இந்த அறிக்கையை எடுத்துவைத்து எழுதினார்.

நமக்கு அதில் முக்கியமானது வேறொன்று. சர்க்கார் கிஸ்திக்காக நடந்த வதையும், கீழ்மட்ட அதிகாரிகள் தங்கள் பங்குக்காக நடத்திய வதையும் ஒரே கையால் நடந்தன. 1816-க்குப் பிறகு இந்த மாகாணத்தில் தாசில்தாரே வரி வசூலிப்பவர், அவரே போலீஸ் அதிகாரி. அவர் அடித்தால் அவரிடமே போய்ப் புகார் சொல்ல வேண்டும். அது கிஸ்தி கட்டியவர்களின் கதை என்பதையும் மறந்துவிடக் கூடாது. கையில் நிலம் இருந்தவருக்கே அந்தக் கதி என்றால், நிலமும் இல்லாமல், குடியிருக்கும் மனையும் பிறத்தியார் இடமாக இருந்தவரின் நிலை என்ன?

அதற்கான பதில் 1891-ல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் எழுதிய அறிக்கையில் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் மிராசி முறை இருந்தது. ஊரின் நிலமெல்லாம் பரம்பரையாகத் தமக்குரியது என்று சில குடும்பங்கள் உரிமை கொண்டாடும் முறை அது. தரிசாகக் கிடக்கும் புறம்போக்கைச் சாகுபடி செய்ய யாரும் சர்க்காரிடம் மனுப் போடலாம். அதற்கு 'தர்க்காஸ்து' என்று பெயர். காகிதத்தில் பறையர் மனுப் போடத் தடை இல்லை. ஆனால் மிராசுதாருக்கு முன்னுரிமை இருந்தது. சேரிக்காரர் ஒருவர் தரிசு நிலம் கேட்டால், அதுவரை அந்த நிலத்தைத் திரும்பிப் பார்க்காத மிராசுதார் உடனே எழுந்து வந்து "எனக்கு வேண்டும்" என்பார். கேட்டவர் அவருடைய படியாளாகவும் இருப்பார், அவரிடம் கடன்பட்டவராகவும் இருப்பார், அவருடைய மனையில் குடிசை போட்டவராகவும் இருப்பார். மனுவைத் திரும்பப் பெறாவிட்டால் குடிசையைப் பிரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அந்த மனு எந்த வழியாகப் போகும் என்று பாருங்கள். கிராமத்தில் அதைப் பார்க்கிறவர் கர்ணம். கர்ணம் யார்? மிராசுதாரின் உறவுக்காரர், இல்லையென்றால் அவரோடு சரிசமமாக உட்கார்ந்து வெற்றிலை போடுகிறவர். பதவியும் பரம்பரைப் பதவி. 1895-ல் இதற்கென்றே பரம்பரைக் கிராம அலுவலர் சட்டம் கொண்டுவந்தார்கள். கர்ணம் மகன் கர்ணம். சுதந்திரம் வந்து பதிமூன்று ஆண்டுகள் கழித்து, 1960-ல்தான் பரம்பரை உரிமையின் பேரில் அரசுப் பதவி தருவது அரசியலமைப்புக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டது 1980 நவம்பரில். நம்மில் பலருடைய பெற்றோர் பிறந்து வளர்ந்த பிறகு.

கர்ணத்துக்குச் சம்பளம் குறைவு, அதனால்தான் அவர் கை நீட்டினார் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எங்களுக்கு இது ஒப்புக்கொள்ளும்படியாக இல்லை. கர்ணத்தின் பலம் அவருடைய கணக்கு நோட்டில் இருந்தது. யார் எந்த நிலத்தில் என்ன பயிர் வைத்தார் என்று ஆண்டுதோறும் அடங்கலில் எழுதுகிறவர் அவர் ஒருவரே. அவர் எழுதியதுதான் நடந்தது. அவர் எழுதாதது நடக்கவில்லை.

ட்ரெமன்ஹீர் பரிந்துரைத்த எல்லாவற்றையும் அரசு ஏற்கவில்லை. ஆனாலும் 1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த்துறை அரசாணைகள் 1010, 1010ஏ வந்தன. ஒதுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படை செய்வது அங்கிருந்து தொடங்கியது. அந்த மகிழ்ச்சியில் ட்ரெமன்ஹீரை மட்டும் மாலை போட்டுக் கொண்டாடி நிறுத்திவிடக் கூடாது. கூடி, வாதாடி, மனுப் போட்ட நம் மக்கள் இருந்தார்கள். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் அமைப்புகளாகத் திரட்டிக்கொண்டிருந்த காலம் அது. செங்கல்பட்டுப் பகுதியில் ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் விடாமல் எழுதினார்கள். பிறகு 1920-களில் தொழிலாளர் துறை வழியாகவும் நிலம் ஒப்படைக்கப்பட்டது. மாகாணம் முழுக்க மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்பது நம் இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

இனி நிபந்தனைக்கு வருவோம். தம்பியின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒப்படை பெற்றவர் முதல் பத்து ஆண்டுகளுக்கு நிலத்தை யாருக்கும் விற்கக் கூடாது, தானமாகத் தரக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, குத்தகைக்கும் விடக் கூடாது. பத்து ஆண்டுக்குப் பிறகு விற்கலாம், ஆனால் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே. மீறினால் அந்த விற்பனை செல்லாது. அரசு இழப்பீடு எதுவும் தராமல் நிலத்தைத் திரும்ப எடுத்து மீண்டும் நம் மக்களுக்கே கொடுக்கலாம். கிராமங்களில் 'கண்டிஷன் பட்டா' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். பதிவேட்டின் குறிப்புப் பத்தியில் 'டி.சி.' என்று இரண்டு எழுத்து போட்டிருப்பார்கள். டிப்ரஸ்ட் கிளாஸ் என்பதன் சுருக்கம்.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர்களுக்கு வறுமை என்னவென்று தெரிந்திருந்தது. பசித்தவர் கையில் நிலத்தைக் கொடுத்தால் அடுத்த பஞ்சத்தில் அது பறிபோகும் என்று தெரிந்தேதான் பூட்டுப் போட்டார்கள். பூட்டின் சாவி நம் கொள்ளுத்தாத்தா கையில் இல்லை. தாலுகா அலுவலகத்தில் இருந்தது.

வட மாவட்டக் கிராமம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாக நாங்கள் ஒரு பாட்டியோடு அலைந்துகொண்டிருக்கிறோம். அவருடைய அப்பா பெயரில் ஒரு ஏக்கர் எண்பது சென்ட். அவர் சொன்னது இப்படி. அம்மாவுக்கு உடம்புக்கு முடியாமல் போன வருஷம், அப்பா ஊர்த்தெருவில் ஒருவரிடம் இரண்டு மூட்டை நெல்லும் கொஞ்சம் பணமும் வாங்கினார். நிலத்தை அவர் போக்கியத்துக்கு எடுத்துக்கொண்டார். பணத்தைத் திருப்பும்வரை அவர் உழுதுகொள்வார், திருப்பினால் நிலம் திரும்பி வரும் என்பது வாய்ப்பேச்சு. அப்பா ஒரு வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தார். பணத்தைத் திருப்பக் கொண்டுபோனபோது, "இப்ப என்ன அவசரம், பயிர் நிக்குது" என்றார்களாம். அடுத்த முறை போனபோது நிலமே தன்னுடையது என்றார்களாம்.

இதில் வறுமையின் பங்கு எவ்வளவு? இரண்டு மூட்டை நெல், ஒரு கைநாட்டு. அவ்வளவுதான். அந்த இடத்தில் சட்டம் வேலை செய்திருந்தால் கடன் கொடுத்தவருக்கு நெல்லும் பணமும் மட்டுமே திரும்பக் கிடைத்திருக்கும். மீதி வேலையெல்லாம் மற்றவர்கள் செய்தது. அடங்கலில் சாகுபடிதாரர் பெயரை மாற்றி எழுத ஒரு கை. கிஸ்தி ரசீதை நிலத்துக்கு உரியவர் பெயரில் போடாமல், கட்டியவர் பெயரில் போட ஒரு கை. குறிப்புப் பத்தியில் 'டி.சி.' என்று இருக்கும் நிலத்துக்குக் கிரயப் பத்திரம் வந்தபோது வாங்கிப் பார்த்துவிட்டு முத்திரை குத்த ஒரு கை. அந்தப் பத்திரத்தை வைத்துப் பட்டா மாற்ற ஒரு கை. வருஷா வருஷம் ஜமாபந்தியில் இந்தக் கணக்கையெல்லாம் சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஒரு கை. பாட்டியின் அப்பாவுக்கு இவர்களில் ஒருவரைக்கூட முகம் தெரியாது.

இந்தக் கைகள் சும்மா அசைந்திருக்காது. சில இடங்களில் பணம், சில இடங்களில் சாதி. பல இடங்களில் பணம் தேவைப்பட்டே இருக்காது என்பது எங்கள் எண்ணம். நெல் மூட்டை, கல்யாணத்துக்கு அழைப்பு, "நம்ம பையன்" என்ற ஒரு சொல் போதும். சட்டம் லஞ்சம் என்று எதைச் சொல்கிறதோ அதைவிட நம் நாட்டு ஊழல் பெரியது. காசு கைமாறாமலே ஊழல் நடக்கும் ஏற்பாட்டுக்குச் சாதி என்று பெயர். ஊழல் ஒழிப்புக் கூட்டங்களில் பேசும் நண்பர்கள் இந்த இடத்தில்தான் எப்போதும் எங்களோடு உடன்படுவதில்லை.

இதற்கு எதிர்ப்பக்கமும் அதே தாலுகா அலுவலகத்தில் நடந்தது. 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் குடும்பத்துக்கு 30 தர ஏக்கர். 1970-ல் அது 15 ஆனது. பண்ணையார்களின் நிலம் உபரியாகிக் கூலிகளுக்கு வர வேண்டும். என்ன ஆனது? பிறக்காத பிள்ளைக்கும், இறந்துபோன சித்தப்பாவுக்கும், பண்ணையாள் பெயருக்கும் நிலம் பிரிந்தது. நிறைய அறக்கட்டளைகள் முளைத்தன. தன் பெயரில் பத்து ஏக்கர் இருப்பது தெரியாமலே அதே பத்து ஏக்கரில் கூலிக்கு நாற்று நட்டவர்கள் உண்டு. நம்முடைய உண்மையான பெயரை அழித்த அதே பேனா, அவர்களுக்குப் பொய்ப் பெயர்களை எழுதிக் கொடுத்தது.

அதன்பின் யுடிஆர். 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். பழைய கணக்குகளைச் சரிசெய்து, அனுபவத்தில் இருப்பவர் பெயரில் பட்டா தருவதுதான் நோக்கம். அனுபவத்தில் இருந்தவர் யார் என்பதை அதுவரை எழுதிவந்தது யாருடைய அடங்கல் என்று யோசித்துப் பாருங்கள். பல கிராமங்களில் பழைய பதிவேட்டில் இருந்த 'டி.சி.' குறிப்பு புதிய பதிவேட்டுக்கு வந்து சேரவே இல்லை. திருடியது, பறித்தது, ஏமாற்றியது எல்லாம் கழுவப்பட்டு 'ரயத்துவாரி' என்ற சுத்தமான சொல்லாகிவிட்டது. பாட்டியின் அப்பா நிலம் அப்படித்தான் தொலைந்தது. 1986-ம் ஆண்டு பதிவேட்டில் குறிப்புப் பத்தி வெறுமையாக இருக்கிறது. அந்த வெற்றிடத்தைத்தான் தம்பியின் அப்பா "நாம வித்துட்டோம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

1994-ல் செங்கல்பட்டு மாவட்டம் காரணை கிராமத்தில் நம் மக்கள் இதைக் கேட்கப் போனார்கள். பஞ்சமி நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினார்கள். அரசு சிலையை அகற்றியது. அதை எதிர்த்து அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டு கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனபோது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். ட்ரெமன்ஹீர் அறிக்கை எழுதிய அதே மாவட்டம். ஊழலைப் பற்றிய புத்தகங்களில் காரணை வருவதில்லை, அது சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாகப் பதிவாகியிருக்கிறது. சாவியைக் கேட்டவர்களுக்குக் குண்டு கிடைத்தது என்பதை ஊழலின் வரலாற்றில் சேர்க்காமல் வேறெதில் சேர்ப்பது?

பக்கத்து மாநிலங்களையும் பார்த்துவிடுவோம். ஆந்திரம் 1977-ல் ஒப்படை நிலங்களைக் கைமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கர்நாடகம் 1978-ல் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒப்படைத்த நிலங்களுக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1984-ல் சொன்னது. அங்கெல்லாம் முறைகேடு நின்றுவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆனால் நிலத்தை இழந்தவர் நேராகப் போய் நிற்க அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. சமூக நீதிக்கு எடுத்துக்காட்டு என்று நாம் பெருமைப்படும் தமிழ்நாட்டில் பஞ்சமி நிலம் இன்னமும் அரசாணைகளையும் நிலையாணையையும் பிடித்துத்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது. 2011-ல் நீதிபதி மருதமுத்து தலைமையில் குழு அமைத்தார்கள். குழு அமைப்பதில் நம் அரசுகள் எந்தக் கட்சி வந்தாலும் குறை வைப்பதில்லை.

மாணவர்களுக்கு ஒரு தகவல். பட்டியல் சாதியினரின் நிலத்தைச் சட்டவிரோதமாக அபகரிப்பது 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவின்படி குற்றம். கடமையை வேண்டுமென்றே செய்யத் தவறும் அரசு ஊழியருக்கு 4-வது பிரிவு இருக்கிறது. நில விவகாரம் என்றதும் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க" என்று காவல் நிலையத்தில் சொன்னால் இந்த இரண்டு எண்களையும் சொல்லுங்கள்.

பாட்டியின் கதையில் ஒன்றைச் சொல்லாமல் விட்டோம். அதைச் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள்ளேயே விவாதம் நடந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு பழைய 'அ' பதிவேட்டின் நகலுக்காகக் காத்திருந்தோம். ஒருவர் மாற்றி ஒருவர் "ரெக்கார்டு ரூம்ல தேடணும்" என்றார்கள். நான்காவது முறை போனபோது நகல் உடனே கிடைத்தது. எங்கள் சங்கத்தின் செல்வாக்கு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம். பேருந்தில் திரும்பி வரும்போது பாட்டி மெதுவாகச் சொன்னார்: "கண்ணு, நீங்க வெளிய போன் பேசிக்கிட்டு இருந்தப்ப அந்தப் புள்ள கையில எரநூறு ரூவா குடுத்தேன். கோவிச்சுக்காதீங்க."

அது அவருடைய முதியோர் உதவித்தொகையிலிருந்து எடுத்த பணம். நாங்கள் கோபித்துக்கொண்டோம். லஞ்சம் கொடுக்கக் கூடாது என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம் என்று உபதேசம்கூடச் செய்தோம். அவர் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். 2018-ல் ஊழல் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்து லஞ்சம் கொடுப்பதும் குற்றம். வற்புறுத்தலால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் போய்ப் புகார் சொன்னால்தான் தப்பிக்கலாம். பாட்டியை அழைத்துக்கொண்டு ஏழு நாளுக்குள் எங்கே போவது? போனால், அடுத்து எந்த முகத்தோடு அந்த அலுவலகத்தில் மனுவை நீட்டுவது? சட்டப்படி இப்போது அவரும் குற்றவாளி. அப்பாவின் நிலத்தை மாற்றி எழுதியவர்களில் ஒருவர் மீதும் இன்றுவரை வழக்கு இல்லை. அவர்களில் பலர் ஓய்வூதியம் வாங்கி, வாழ்ந்து, இறந்தும் போய்விட்டார்கள்.

அந்த நகலில் 'டி.சி.' இருக்கிறது. மசி கொஞ்சம் மங்கியிருந்தாலும் படிக்க முடிகிறது. அதை வைத்துத்தான் மேல்முறையீடு போட்டிருக்கிறோம்.

விடுதித் தம்பி போன வாரம் ஊருக்குப் போயிருந்தார். வீட்டு டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்த ஒரு காகிதத்தைப் படம் எடுத்து அனுப்பினார். கொள்ளுத்தாத்தா பெயர், சர்வே எண், மூன்றாக மடித்ததில் கிழிந்த ஓரம். சர்வே எண் பழையது. யுடிஆருக்குப் பிறகு அது எந்த உட்பிரிவானது என்று கண்டுபிடிக்க வேண்டும். வெள்ளைக்காரன் கொடுத்ததை யாரிடம் விற்றார்கள் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். "யாருக்குன்னு தெரியல, அந்தப் பக்கம் போகாதேன்னு தாத்தா சொன்னாரு" என்றாராம் அவர். திங்கட்கிழமை தம்பி தாலுகா அலுவலகம் போகிறார். மனுவை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போ, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கு, தனியாகப் போகாதே, அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லியிருக்கிறோம்.